கரி தீர்ந்துபோச்சு... பந்து உருளுது!

வேல்ஸ் நாட்டுக் குட்டி லீகுகளில் ஒரு சனிக்கிழமை ரவுண்ட்

'டெட்பூல்' ஹீரோ ரயான் ரெனால்ட்ஸ் ஒரு ஃபுட்பால் கிளப் வாங்கின கதை உங்களுக்குத் தெரியும்தானே? 2021-ல் இன்னொரு நடிகர் ராப் மெக்கெல்ஹென்னியோடு கூட்டு சேர்ந்து, வேல்ஸ் நாட்டு ரெக்ஸம் கிளப்பை வாங்கினார். பின்னாடியே கேமராவும் வந்தது. 2023, 2024, 2025 என்று வரிசையாக மூன்று ப்ரமோஷன்! ஹாஸ்டல் ரூமில் ஒரே லேப்டாப்பைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்து அந்த டாக்குமென்டரியைப் பார்த்துவிட்டு, 'வேல்ஸ் ஃபுட்பால்னா இதுதான் மச்சி' என்று முடிவு கட்டியிருப்பீர்கள்.

அங்கேதான் ஒரு ட்விஸ்ட். ரெக்ஸம் ஆடுவது இங்கிலாந்து லீகில்! கார்டிஃப் சிட்டி, ஸ்வான்ஸீ சிட்டி, நியூபோர்ட் கவுன்ட்டி, மெர்தர் டவுன் எல்லாம் அப்படித்தான். சொந்த வீட்டில் இடம் இருந்தும் பக்கத்து வீட்டு வாசலில் போய் விளையாடுகிற பிள்ளைகள்.

அப்போ வேல்ஸ் லீகில் ஆடுவது யாரு? சுரங்கத் தெரு டீம், ஸ்டீல் ஃபேக்டரி ஊர் டீம், காலேஜ் டீம், மலையடிவாரக் கிராம டீம். சினிமா ஓனர் கிடையாது, கேமரா கிடையாது. பல டீமில் ஓனரே கிடையாது! இந்த வாரம் அந்தப் பக்கம்தான் உங்களைக் கூட்டிட்டுப் போகப்போறேன். ஷூ லேஸைக் கட்டுங்க பாஸ்.

ஏணி எப்படி வேலை செய்யுது?

முதலில் கொஞ்சம் தியரி. போர் அடிக்காது, நாலே பாராதான்.

1876-ல் ரெக்ஸம் ஊரின் வின்ஸ்டே ஆர்ம்ஸ் ஹோட்டலில் வேல்ஸ் ஃபுட்பால் அசோசியேஷன் பிறந்தது. உலகத்திலேயே மூன்றாவது பழைய ஃபுட்பால் அசோசியேஷன் இதுதான். ஆனால், நாடு முழுக்க ஒரே லீக் என்று ஒன்று வருவதற்கு 1992 வரைக்கும், அதாவது 116 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம், மேப்பைப் பார்த்தாலே புரியும். வடக்குக்கும் தெற்குக்கும் நடுவில் மலை. ரயில் பாதைகளோ பெரும்பாலும் இங்கிலாந்தைப் பார்த்துப் போகின்றன. வடக்கு வேல்ஸ்காரருக்கு கார்டிஃபைவிட லிவர்பூல் பக்கம். அதனால் அந்தந்த வட்டாரத்துக்கு ஒரு லீக் என்றுதான் ஃபுட்பால் வளர்ந்தது.

தெற்கில் 1904-ல் 'ரிம்னி வேலி லீக்' என்று ஒன்று ஆரம்பித்தது. ஒரு பள்ளத்தாக்கின் பெயர்தான் அது. 1909-ல் அது கிளமார்கன் லீக், 1912-ல் வெல்ஷ் ஃபுட்பால் லீக் என்று பெயர் மாறி, நூறு வருஷத்துக்கும் மேல் தெற்கு வேல்ஸின் சனிக்கிழமைகளை நடத்தியது. 2019-20 சீஸனோடு அதன் கதை முடிந்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் ஆர்டல் லீக். 'ஆர்டல்' என்றால் வெல்ஷ் மொழியில் வட்டாரம். வடகிழக்கு, வடமேற்கு, தென்கிழக்கு, தென்மேற்கு என்று நாலு பிரிவுகள். 2020-ல் தொடங்கியிருக்க வேண்டியது, கொரோனா வந்து குறுக்கே படுத்ததால் முதல் பந்து உதைபட்டது 2021-ல்.

இப்போ ஏணியை நிமிர்த்தி வைப்போம். மேல் படி, கம்ரி பிரீமியர். 'கம்ரி' என்பதுதான் வேல்ஸுக்கு வேல்ஸ்காரர்கள் வைத்திருக்கும் பெயர். இரண்டாம் படி, கம்ரி நார்த், கம்ரி சவுத். மூன்றாம் படி, நம்ம ஆர்டல். அதற்குக் கீழே மாவட்ட அளவில் நாலாம் படி, ஊர் அளவில் ஐந்தாம் படி என்று இறங்கிக்கொண்டே போகும். ஆர்டலில் முதலிடம் வந்தால் மேலே போகலாம். மேல் படியில் நன்றாக ஆடினால்? ஐரோப்பியக் கோப்பைக்கே டிக்கெட்! தெருமுனை டீமுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவில் சில படிகள்தான்.

ஆனா ஒரு கண்டிஷன். ஜெயித்தால் மட்டும் போதாது. ஃப்ளட்லைட் இருக்கா, உட்கார ஸீட் இருக்கா, ரெஃப்ரிக்குத் தனி டிரெஸ்ஸிங் ரூம் இருக்கா, கணக்குவழக்கு ஒழுங்கா இருக்கா என்று அசோசியேஷன் செக் பண்ணும். அதில் ஃபெயிலானால் மைதானத்தில் பாஸானதும் வேஸ்ட். இன்டர்னலில் போதுமான மார்க் இல்லாமல் செமஸ்டர் எக்ஸாம் எழுதின மாதிரி!

ஸ்டாப் 1: பாரி

கார்டிஃப் சென்ட்ரலில் ரயில் ஏறுங்க. அரை மணி நேரத்துக்குள் கடலோர ஊரான பாரி வந்துவிடும். 1889-ல் இங்கே துறைமுகம் திறந்தார்கள். மலைப் பள்ளத்தாக்குகளில் வெட்டின நிலக்கரியைக் கப்பலில் ஏற்றி அனுப்புவதுதான் வேலை. 1913-ல் உலகத்திலேயே அதிகமாக நிலக்கரி ஏற்றுமதி செய்த துறைமுகம் இதுதான். இப்போ கரியும் இல்லை, கப்பல் வரிசையும் இல்லை. பீச்சும் ராட்டினமும் 'கவின் அண்ட் ஸ்டேஸி' டி.வி. சீரியல் ஷூட்டிங் நடந்த தெருக்களும் பார்க்கத்தான் டூரிஸ்ட் வருகிறார்கள். நீங்க பீச்சுக்குத் திரும்பாமல் ஜென்னர் பார்க் ஸ்டேடியத்துக்கு நடங்க.

இந்த ஸ்டேடியத்தின் டீம் பாரி டவுன். 1992-ல் வேல்ஸ் தேசிய லீக் ஆரம்பித்தபோது 'நாங்க வரமாட்டோம்' என்று இங்கிலாந்து லீகிலேயே இருக்க அடம்பிடித்த எட்டு கிளப்புகளில் இதுவும் ஒன்று. அதற்காக ஒரு சீஸன் முழுக்க சொந்த ஊரை விட்டு, இங்கிலாந்தின் வூஸ்டர் நகரத்தில் 'பாரி' என்ற பெயரின் வெல்ஷ் ஸ்பெல்லிங்கோடு ஆடினார்கள். 1993-ல் வீட்டுக்குத் திரும்பினார்கள். திரும்பினவர்கள் சும்மா இல்லை. 1996-லிருந்து 2003-க்குள் ஏழு முறை வேல்ஸ் சாம்பியன்!

2001-ல் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் எதிரே வந்தது போர்ச்சுகலின் போர்ட்டோ. முதல் மேட்ச் அங்கே, 8-0 என்று தோல்வி. 'இனி என்னத்த ஆடி' என்று யாராக இருந்தாலும் நினைப்பார்கள். ஆனால், இரண்டாவது மேட்சில் பாரி 3-1 என்று போர்ட்டோவை ஜெயித்தது. அதே போர்ட்டோ மூன்று வருஷம் கழித்து, 2004-ல் ஐரோப்பாவின் சாம்பியன் ஆனது. அந்த 2004-ல் பாரி என்ன ஆனது தெரியுமா? பணம் தீர்ந்து, சம்பளம் வாங்கின ஆட்டக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போய், இரண்டாம் நிலைக்கு விழுந்தது.

அடுத்து வந்ததுதான் ரியல் கிளைமாக்ஸ். கிளப் ஒரு ஓனர் கையில். அவருக்கும் ரசிகர்களுக்கும் ஒத்துவரவில்லை. கடைசி வருஷங்களில் டீமை நடத்தியது ரசிகர்கள் கமிட்டிதான். செலவும் அவங்களே. 2007-ல் வந்த மேனேஜர் கவின் செஸ்டர்ஃபீல்டும் விட்டுப் போகவில்லை. 2013 மே மாதம், சீஸனில் இரண்டே மேட்ச் பாக்கி இருக்கும்போது, 'டீமை லீகிலிருந்து எடுத்துக்கறேன்' என்று ஓனர் அறிவித்தார். அவ்வளவுதான். பேப்பரில் பாரி டவுன் காலி.

ரசிகர்கள் 'பாரி டவுன் யுனைடெட்' என்று பெயர் போட்டுக்கொண்டு அசோசியேஷன் கதவைத் தட்டினார்கள். அசோசியேஷனோ, 'லீகில் இடம் இல்லை. வேணும்னா பொழுதுபோக்கு ஃபுட்பால் ஆடிக்கோங்க' என்றது. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. போர்ட்டோவை ஜெயித்த கிளப்பைப் பார்த்து, பார்க்கில் போய் விளையாடு என்கிறார்கள்.

வழக்கு கார்டிஃபில் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2013 ஆகஸ்ட்டில் தீர்ப்பு. அசோசியேஷன் செய்தது சட்டப்படி தப்பு! வெல்ஷ் லீகின் மூன்றாவது டிவிஷனில், அதாவது நாலாம் படியில் இடம் கிடைத்தது. அங்கிருந்து ஏறினார்கள் பாருங்க ஒரு ஏற்றம்! 2014-ல் ஒரு ப்ரமோஷன், 2015-ல் இன்னொன்று, 2017-ல் மேல் படி. 2019-ல் மறுபடியும் ஐரோப்பியக் கோப்பை. வட அயர்லாந்தின் கிளிஃப்டன்வில்லுடன் முதல் மேட்ச் கோல் இல்லாமல் டிரா, அங்கே போய் 4-0 தோல்வி. ஸ்கோர் கிடக்கட்டும். கோர்ட் வாசலில் நின்ற டீம் ஆறே வருஷத்தில் ஐரோப்பாவில் ஆடியதே, அதைச் சொல்லுங்க.

கதை இங்கேயும் நிற்கவில்லை. 2022-ல் திரும்பவும் கீழே, 2023-ல் திரும்பவும் மேலே. ஏணி என்றால் இறங்கவும்தானே செய்யும்! ஆனால், 2004-ல் விழுந்ததற்கும் 2022-ல் விழுந்ததற்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. இரண்டாவது தடவை விழுந்தபோது, கிளப்பை இழுத்துப் பூட்ட ஒருத்தர் கையில் மட்டும் சாவி இல்லை.

ஸ்டாப் 2: ரோந்தா

திரும்ப கார்டிஃப் வந்து வடக்கே போகிற ரயில் பிடிங்க. பாண்டிப்ரித் ஸ்டேஷனில் சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்கள் ஐந்து நிமிஷம் இறங்கிக்கொள்ளலாம். 1756-ல் வில்லியம் எட்வர்ட்ஸ் கட்டி முடித்த ஒற்றை வளைவுக் கல் பாலம் அங்கே நிற்கிறது. அதற்கு முன்னால் அதே ஆற்றில் அவர் செய்த முயற்சிகள் எல்லாம் விழுந்தவை. கடைசியில் பாலத்தின் இரண்டு தோள்களிலும் வட்ட ஓட்டைகள் போட்டு எடையைக் குறைத்தார், நின்றுவிட்டது. அரியர் வைத்தவர்களுக்கு ஆறுதலான பாலம்!

பாண்டிப்ரித்தைத் தாண்டி ட்ரீஹர்பர்ட் ரயிலில் போனால் ரோந்தா பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் செங்குத்தான மலை. நடுவில் ஒரு ஆறு, ஒரு தண்டவாளம், ஒட்டி ஒட்டி வரிசை வீடுகள். சமதளம் என்பதே அபூர்வம். அந்தக் கொஞ்சூண்டு சமதளத்தில் ஒரு ஃபுட்பால் கிரவுண்டு கட்டாயம் இருக்கும். யார் கொடுத்த இடம்?

இங்கேதான் ஒரு சூப்பர் மேட்டர். 1920-ல் பிரிட்டனில் ஒரு சுரங்கச் சட்டம் வந்தது. வெட்டுகிற ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் ஒரு பென்னி, தொழிலாளர் நல நிதிக்குப் போக வேண்டும். அந்தப் பென்னிகள் சேர்ந்துதான் சுரங்க ஊர்களில் படிப்பகம், மன்றம், குளியலறை, விளையாட்டு மைதானம் எல்லாம் வந்தன. அதனால்தான் இன்றைக்கும் இந்தப் பக்கத்து டீம் பெயர்களில் 'வெல்ஃபேர்' என்று ஒட்டிக்கொண்டிருக்கு. கூம் வெல்ஃபேர், அனிஸ்தி வெல்ஃபேர், டாவன் வெல்ஃபேர்... பூமிக்கு அடியில் வெட்டின கரியின் பென்னியில், பூமிக்கு மேலே பந்து உருண்டது.

டான் பென்ட்ரே ஸ்டேஷனில் இறங்கினால் இனிஸ் பார்க் மைதானம். 1986 நவம்பரில் இங்கிலாந்து எஃப்.ஏ. கப்பின் முதல் சுற்றுக்கு டான் பென்ட்ரே தகுதி பெற்றது. எதிரணி யாரு? 1927-ல் அதே எஃப்.ஏ. கப்பை ஜெயித்த, இங்கிலாந்துக்கு வெளியே இருந்து அதை ஜெயித்த ஒரே கிளப்பான கார்டிஃப் சிட்டி! பள்ளத்தாக்குக் கிராமத்துக்குத் தலைநகரமே இறங்கி வந்தது. 4-1 என்று கார்டிஃப் ஜெயித்தது. ஆனா, அந்த 'ஒன்று' எங்க ஊர் கோல் என்று சொல்லிக்கொள்ள ரோந்தாவுக்கு உரிமை இருக்குல்ல?

பக்கத்து டோனிபாண்டியிலிருந்து ஒரு கிளைப் பள்ளத்தாக்கு மேலே ஏறும். அதுதான் க்ளிடாக் வேல். 1910-ல் கூலிக்காக கேம்ப்ரியன் சுரங்கத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டம் டோனிபாண்டி கலவரமாக வெடித்தது. 1965 மே 17 அன்று அதே கேம்ப்ரியன் சுரங்கத்தில் நடந்த வெடி விபத்தில் 31 பேர் இறந்துபோனார்கள். சுரங்கம் இருந்த இடத்தில் இப்போ ஏரியும் பூங்காவும். சுரங்கத்தின் பெயர் மிச்சமிருப்பது ஃபுட்பால் டீமில்! கேம்ப்ரியன் அண்ட் க்ளிடாக் வேல் என்று இருந்து, இப்போ கேம்ப்ரியன் யுனைடெட். 2019-ல் இந்த மலைக் கிராம டீம் வெல்ஷ் லீக் கப் ஃபைனல் வரைக்கும் போனது. அங்கே இவர்களைத் தோற்கடித்தவர்கள் யார் என்பது சஸ்பென்ஸ். ஸ்டாப் 4-ல் சொல்றேன்.

ரோந்தாவின் கடைசிச் சுரங்கமான மார்டி 1990-ல் மூடப்பட்டது. பக்கத்து கைனன் பள்ளத்தாக்கின் உச்சியில் டவர் சுரங்கம் என்று ஒன்று. 1994-ல் அரசாங்கம் 'லாபம் இல்லை' என்று மூடியது. வேலை போன 239 தொழிலாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கையில் கிடைத்த நஷ்டஈட்டுப் பணத்திலிருந்து ஆளுக்கு 8,000 பவுண்டு போட்டுச் சுரங்கத்தையே வாங்கிவிட்டார்கள். 1995 ஜனவரியில் திறந்தார்கள். கரி தீரும்வரை, 2008 வரைக்கும் அவர்களே நடத்தினார்கள்.

இப்போ பாரி ரசிகர்கள் செய்ததை இதோடு சேர்த்துப் பாருங்க. ஓனர் கைவிட்டால் 'சரி, நாமளே பார்த்துப்போம்' என்று சொல்வது இந்தப் பக்கத்துக்குப் புதுசு இல்லை.

ஸ்டாப் 3: மெக்கானிக்கல் பசங்க மட்டும் இறங்கவும்!

திரும்ப பாண்டிப்ரித் வந்து மெர்தர் டிட்வில் ரயில். நானும் இன்ஜினீயரிங்தான், அதனால் இந்த ஸ்டாப்பை விட மனசு வரலை. 1804 பிப்ரவரி 21 அன்று ரிச்சர்ட் ட்ரெவிதிக்கின் நீராவி இன்ஜின், பென்னிடாரன் இரும்பாலையில் இருந்து அபர்கைனன் வரைக்கும் 10 டன் இரும்பையும் சுமார் 70 ஆட்களையும் தண்டவாளத்தில் இழுத்துக்கொண்டு போனது. ரயில் இன்ஜின் சரித்திரமே அங்கேதான் முதல் விசில் அடிக்கிறது. ஜார்ஜ் ஸ்டீபன்சன் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் கவனிக்க!

அதே பென்னிடாரனில்தான் மெர்தரின் ஃபுட்பால் மைதானம் பென்னிடாரன் பார்க். அடியில் ரோமானியர் கோட்டை, பக்கத்தில் ரயிலின் பிறந்த வீடு, மேலே புல். 1987-ல் மெர்தர், வெல்ஷ் கப்பை ஜெயித்து ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கப்புக்குப் போனது. இத்தாலியின் அட்டலான்டா இந்த மைதானத்துக்கு வந்து 2-1 என்று தோற்றுப் போனது! இத்தாலியில் நடந்த மேட்சில் 2-0 என்று மெர்தர் அவுட். அதே அட்டலான்டா அந்த சீஸனில் அரையிறுதி வரைக்கும் போனது. மெர்தர் ஆடுவது இங்கிலாந்து ஏணியில்தான் என்றாலும், சுற்றி இருக்கும் கிராமங்கள் வேல்ஸ் ஏணியில். பக்கத்து ட்ரீஹாரிஸ் ஊரின் டீம் 1889-லேயே ஆரம்பித்தது. ரிம்னி வேலி லீகுக்கே பதினைந்து வருஷம் சீனியர்!

ஸ்டாப் 4: இதுதான் நம்ம டீம்

சாயங்காலம் கார்டிஃபுக்குத் திரும்பி, கிங்கோய்ட் கேம்பஸுக்கு பஸ் பிடிங்க. ஆமாம், கேம்பஸ்தான்! கார்டிஃப் மெட்ரோபாலிட்டன் யுனிவர்சிட்டி டீம். 2000-ல் இன்டர் கார்டிஃப் என்ற கிளப்பும் காலேஜ் டீமும் சேர்ந்து உருவானது. வெல்ஷ் லீகின் டிவிஷன்களில் ஏறி, 2016-ல் மேல் படிக்கு வந்தது.

இங்கே ஆடுகிறவர்கள் படிக்கிற, படித்து முடித்த ஸ்டூடன்ட்ஸ். சம்பளமா? இவங்கதான் மெம்பர்ஷிப் பணம் கட்டி ஆடினாங்க! அசைன்மென்ட்டும் உண்டு, அவே மேட்ச் பஸ் பயணமும் உண்டு. 2019 லீக் கப் ஃபைனலில் கேம்ப்ரியனை 2-0 என்று தோற்கடித்தது இவர்கள்தான். சஸ்பென்ஸ் உடைஞ்சாச்சா? அதே வருஷம் ப்ளே-ஆஃப் ஃபைனலில் பாலா டவுனைப் பெனால்ட்டி ஷூட் அவுட்டில் ஜெயித்து யூரோப்பா லீகுக்குப் போனார்கள். லக்ஸம்பர்க்கின் ப்ரோக்ரே டீமிடம் அங்கே 1-0 தோல்வி. இங்கே 2-1 வெற்றி. மொத்தம் 2-2. ஆனால், வெளியூரில் போட்ட கோல் கணக்கில் அவுட்! தோற்காமலே வெளியேறுவது எப்படி வலிக்கும் என்பதை, 49 மார்க் வாங்கினவர்களிடம் கேளுங்க.

படிக்கட்டில் வழுக்கினவர்கள்

ஏறின கதையை மட்டும் சொன்னால் அது பொய்க் கதை. வடக்கில் பாங்கர் சிட்டி. 1962-ல் இத்தாலியின் நப்போலியை 2-0 என்று சொந்த ஊரில் ஜெயித்த டீம். நேப்பிள்ஸில் 3-1 தோல்வி. வெளியூர் கோல் ரூல் அப்போ இருந்திருந்தால் பாங்கர் உள்ளே! அது இல்லாததால் லண்டனில் மூன்றாவது மேட்ச் வைத்து, 2-1 என்று நப்போலி தப்பித்தது.

அந்த பாங்கர் 2017-18 சீஸனில் வேல்ஸ் மேல் படியில் இரண்டாம் இடம் வந்தது. ஆனால், பணக் கணக்கு சரியில்லை என்று லைசென்ஸ் மறுக்கப்பட்டு, இரண்டாம் இடம் வந்த டீம் கீழே தள்ளப்பட்டது! 2019-ல் ரசிகர்கள் தனியாக 'பாங்கர் 1876' என்று புது டீம் ஆரம்பித்தார்கள். நப்போலியை ஜெயித்த ஊர், க்வினெத் லீகில், ஐந்தாம் படியில் முதல் பந்தை உதைத்தது. பழைய கிளப்போ சம்பளப் பாக்கியால் 2021-ல் சஸ்பெண்ட் ஆகி, அந்த சீஸன் முடியும் முன்பே லீகைவிட்டு விலகியது. புது டீம் படிப்படியாக ஏறி கம்ரி நார்த்துக்கே வந்துவிட்டது. கடலோர ரில் ஊரிலும் இதே கதை. 1879-ல் பிறந்த கிளப் 2020-ல் மூடப்பட, ரசிகர்கள் நாலாம் படியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள்.

எல்லா ஊருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. கீழ்ப் படிகளில் டீம்கள் சத்தமில்லாமல் காணாமல் போவதும் உண்டு. புல் வெட்ட, ஜெர்ஸி துவைக்க, கோடு போட, டீ போட ஆள் வேணும். அந்த நாலைந்து பேருக்கு வயசாகி, அடுத்து வர இளவட்டம் இல்லை என்றால் எந்தக் கோர்ட்டாலும் அந்த கிளப்பைக் காப்பாற்ற முடியாது. பணம் தீர்ந்தால் டீம் கீழே இறங்கும். ஆள் தீர்ந்தால்தான் டீம் சாகும். இந்தச் சுற்றுப்பயணத்தில் ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வைக்கணும் என்றால், இதை வெச்சுக்கோங்க. உங்க டிபார்ட்மென்ட் அசோசியேஷன், ஃபிலிம் கிளப், என்.எஸ்.எஸ். யூனிட் எதை வேணும்னாலும் இந்த அளவுகோலில் அளந்து பார்க்கலாம். ஃபைனல் இயர் சீனியர் போனதும் சாவியை வாங்கிக்க யார் இருக்கா?

வெல்ஷ் கத்துக்கலாமா?

* ஆங்கில 'டபிள்யூ' இங்கே உயிரெழுத்து! 'ஊ' என்று படிங்க. கூம் என்றால் பள்ளத்தாக்கு. கிளப் என்பதை 'க்ளூப்' என்பார்கள்.
* பேல் என்றால் பந்து, த்ரோய்ட் என்றால் கால். 'க்ளூப் பேல்-த்ரோய்ட்' என்றால் ஃபுட்பால் கிளப்.
* இரட்டை 'டி' வந்தால் மென்மையான 'த'. அதனால்தான் ரோண்டா இல்லை, ரோந்தா.
* இரட்டை 'எல்'? நாக்கை 'ல' சொல்கிற இடத்தில் வைத்துக்கொண்டு காற்றை மட்டும் ஊதுங்க. நம்ம 'ழ'வுக்கு வெள்ளைக்காரர் படுகிற பாட்டை இதில் நாம் படலாம்.
* ஃபைனல் எக்ஸாம்: ஆங்கிள்ஸி தீவில் ஒரு கிராமம். பெயர், லான்வைர்புல்குவிங்கில்கோகெரிக்விர்ன்ட்ரோபுல்லான்டிசிலியோகோகோகோக். ஆங்கில எழுத்துக் கணக்கில் 58. டூரிஸ்டுகளை இழுக்க 1860-களில் நீட்டின பெயர். இந்த ஊருக்கும் ஒரு ஃபுட்பால் டீம் உண்டு. ரசிகர்கள் பாவம், கோஷம் போட்டு முடிப்பதற்குள் ஹாஃப் டைம்!

நீங்க போனால்...

ஸ்காலர்ஷிப்பிலோ, எக்ஸ்சேஞ்ச் புரோகிராமிலோ, மாஸ்டர்ஸ் படிக்கவோ என்றைக்காவது அந்தப் பக்கம் போவீங்க. சனிக்கிழமை மதியத்துக்கு மேல்தான் பெரும்பாலும் மேட்ச். கிளம்பும் முன் மேட்ச் இருக்கா என்று போன் செய்து கேளுங்க. மழை கொட்டினால் மைதானம் குளம், மேட்ச் கேன்சல். டிக்கெட் சில பவுண்டுதான். ஸ்டேண்டில் நிறையப் பேர் இருக்க மாட்டார்கள், அதனால் கோல்கீப்பர் திட்டுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். ஹாஃப் டைமில் சிப்ஸ் மேலே கறி சாஸ் ஊற்றித் தருவார்கள், விட்டுடாதீங்க. ராஃபிள் டிக்கெட் நீட்டினால் ஒன்று வாங்குங்க. பரிசு விழுதோ இல்லையோ, அந்தக் காசு கோடு போடுகிற சுண்ணாம்புக்குப் போகும்.

முக்கியமாக, மேட்ச் முடிந்ததும் உடனே ஓடாதீங்க. வலையைக் கழற்ற எப்போதுமே ஆள் பத்தாது. ஒரு கை பிடிச்சுட்டு வாங்க.

குடை மறக்காதீங்க பாஸ்!